கல்பாத்தித் தெருவும் முதல் கட்டளையும்

சென்ற அத்தியாயம் ஆரல்வாய்மொழியில், காற்றாடிமலைப் பாறையில் முடிந்தது. 1752 ஜனவரி 14 அன்று அங்கேதான் நீலகண்ட பிள்ளை என்ற தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1750 ஜனவரியில், மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூர் முழுவதையும் பத்மநாபசுவாமியின் காலடியில் ஒப்படைத்துவிட்டுத் தன்னைப் பத்மநாபதாசன் என்று அறிவித்திருந்தார். ராஜ்யத்தையே ஒரு கடவுளுக்குக் கொடுத்துவிட்ட அரசர். தன்னையே இன்னொரு கடவுளுக்குக் கொடுத்துவிட்ட அரண்மனை அதிகாரி. இரண்டும் முழுச் சரணாகதிகள். அதனால்தான் சமரசத்துக்கு இடமில்லாமல் போயிற்று என்று பார்த்தோம்.

அந்த வழக்கு அரண்மனைக்குள் நடந்தது. இப்போது வரப்போவது தெருவில் நடந்த வழக்கு. இதில் புனிதர் பட்டம் பெற்றவர் யாரும் இல்லை. அடி வாங்கியவர்களில் பெரும்பாலானவர்களின் பெயரைக்கூட யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. இடம், பாலக்காட்டுக் கல்பாத்தி.

கணவாய் வழியாகக் கோயம்புத்தூர்க் காற்று உள்ளே வரும் பாலக்காட்டில், தஞ்சாவூர்ப் பக்கமிருந்து பல தலைமுறைக்கு முன் குடியேறிய தமிழ்ப் பிராமணர்களின் குடியிருப்புகள் ஆற்றங்கரை நெடுகப் பரவிக் கிடக்கின்றன. அக்ரஹாரம் என்று நாம் சொல்வதை அவர்கள் 'கிராமம்' என்பார்கள். பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, கோவிந்தராஜபுரம், சாத்தபுரம் என்று கிராமங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவே விசுவநாதசுவாமி கோயில். படியிறங்கிப் போக வேண்டியிருப்பதால் குண்டுக்கோயில் என்று பெயர். சேகரிபுரத்து லட்சுமியம்மாள் என்ற விதவை காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்து, 1320 பொன்னையும் பாலக்காட்டு ராஜாவிடம் கொடுத்துக் கோயில் எழுப்பச் சொன்னார் என்பது கோயில் வரலாறு. காலம் 1425-ஐ ஒட்டி. காசியில் பாதி கல்பாத்தி என்று ஊரார் பெருமையாகச் சொல்வது இதை வைத்துத்தான்.

ஐப்பசிக் கடைசியில் தேர். சிவன் தேர் மட்டுமல்ல. புதிய கல்பாத்தி மந்தக்கரை மகாகணபதி, பழைய கல்பாத்தி லட்சுமிநாராயணப் பெருமாள், சாத்தபுரம் பிரசன்ன மகாகணபதி எல்லாரும் தத்தம் தேரில் ஏறி வருவார்கள். மூன்றாம் நாள் மாலை தேர்முட்டியில் எல்லாத் தேர்களும் கூடும். தேவரத சங்கமம் என்று பெயர். சைவத் தேரும் வைணவத் தேரும் முகம் பார்த்து நிற்கும் அந்தக் காட்சிக்காகவே வெளியூர்ப் பிள்ளைகள் பம்பாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் லீவு போட்டுவிட்டு வருவார்கள்.

தெய்வங்கள் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும் இந்தத் தெருவில், ஒரே தெய்வம், அதுவும் வேறு எதையும் பக்கத்தில் உட்கார விடாத தெய்வம் என்று ஒருவன் வந்து சொன்னால் என்ன ஆகும்? ஏக பக்தி தமிழனுக்குப் புதிதல்ல. பிற தெய்வம் தொழாமை வைணவத்தில் ஒரு நெறியாகவே இருக்கிறது. கழுத்தில் லிங்கம் கட்டிய வீரசைவர் இன்னொரு கோயில் வாசலை மிதிக்கமாட்டார். ஆனால் இவர்கள் எல்லாரும் தம் தெய்வத்தைப் பெரியது என்றார்களே தவிர, அடுத்த தெருத் தேரின் வடத்தைப் பிடிப்பவன் பாவி என்று ஊர் முழுவதற்கும் சட்டம் போடவில்லை. போட நினைத்தவர்களுக்கும் ஊர் இணங்கவில்லை.

கிறிஸ்தவத்தில் அது சட்டம். மோசே பெற்ற பத்துக் கட்டளைகளில் முதலாவதே அதுதான். திருட்டும் கொலையும் பொய்ச்சாட்சியும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. வேதாகமம் இதற்குத் திருமணத்தைத்தான் உவமையாக எடுத்துக்கொள்கிறது. ஓசேயா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் வேறு தெய்வத்தைத் தேடிப்போகும் ஜனம், கணவனை விட்டுப் போன மனைவி. அப்படிப்பட்ட உறவில் 'உனக்கும் கொஞ்சம், அவனுக்கும் கொஞ்சம்' என்ற பேச்சே எழாது.

ஆனால் ஒருவன் முழுசாகக் கொடுத்துவிட்டானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மனத்தைத் திறந்து பார்க்க முடியாது. கி.பி. 112-ஐ ஒட்டி, இன்றைய துருக்கியின் வடபகுதியான பித்தினியாவில் ஆளுநராக இருந்த பிளினி இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டான். பிடிபட்டவர்களை நிறுத்தி, தெய்வங்களை அழைக்கச் சொல்வான். பேரரசன் டிராஜனின் உருவத்துக்கு முன் தூபமும் திராட்சை ரசமும் வைக்கச் சொல்வான். கிறிஸ்துவைச் சபிக்கச் சொல்வான். செய்தவனை விட்டுவிடுவான். உண்மையான கிறிஸ்தவன் இதைச் செய்யமாட்டான் என்று கேள்விப்பட்டிருப்பதாக அவனே பேரரசனுக்கு எழுதுகிறான். ஒரு சிட்டிகைச் சாம்பிராணி! ரோம் அரசு தேடியதும் வெளி அடையாளம்தான். கல்பாத்திக் கதையிலும் அப்படியே நடக்கிறது. என்ன, இங்கே சோதனை வைத்தவர்கள் இரண்டு தரப்பார்.

முதல் தரப்பார் பாசல் மிஷன்காரர்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1815-ல் தொடங்கிய சங்கம். ஆட்களில் பலர் தென் ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் கிராமத்துப் பிள்ளைகள், கைத்தொழிலாளர் வீட்டுப் பையன்கள். 1834-ல் மங்களூருக்கு வந்தார்கள். 1839-ல் தலச்சேரிக்கு ஹெர்மன் குண்டர்ட் வந்தார். மலையாள அகராதி செய்த குண்டர்ட்தான், எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸியின் தாத்தா. 1841-ல் கண்ணூர், 1842-ல் கோழிக்கோடு. பாலக்காட்டில் நிலையம் வைத்தது 1858-ல்.

இவர்களுடைய கண்டிப்பைப் புகழ்ந்தும் பழித்தும் பிறர் எழுதியிருக்கிறார்கள். பக்தி என்றால் வாழ்க்கை முழுவதும் மாற வேண்டும் என்ற பையட்டிஸ்ட் மரபில் வளர்ந்தவர்கள். ஞானஸ்நானம் கேட்டு வருகிறவனை உடனே தண்ணீரில் இறக்கிவிட மாட்டார்கள். மாதக்கணக்கில் உபதேசம், நடத்தை விசாரணை, சபையில் சேர்ந்த பிறகும் மூப்பர்களின் கண்காணிப்பு. திருவிழாவுக்குப் போனாலோ, ஜோசியம் பார்த்தாலோ, குடித்தாலோ திருவிருந்தில் இடமில்லை. மீறிப் போனால் சபைவிலக்கு. ஜாதியை விட வேண்டும் என்பதில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

இந்த ஜாதி விஷயத்தில் மிஷனரிகள் எல்லாரும் ஒன்றாக இருந்ததில்லை. 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் ஜாதி கூடாது என்று கட்டளை அனுப்பியபோது தஞ்சாவூர் சபையே கொந்தளித்தது. 1850-ல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு, தாழ்ந்த ஜாதியார் சமைத்ததைச் சாப்பிடச் சம்மதிக்காதவனுக்கு ஞானஸ்நானம் கிடையாது என்றது. அந்தச் சாப்பாட்டுக்கு அன்பின் விருந்து என்று அழகான பெயர் வைத்தார்கள். அங்கே போய் உட்கார்ந்த வேளாளனுக்குக் கையிலிருந்த கவளம் தொண்டைக்குள் இறங்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். தரங்கம்பாடி மரபில் வந்த லைப்சிக் மிஷனின் கார்ல் கிரால் மட்டும், ஜாதி சமூக வழக்கம், அதைச் சாப்பாட்டால் சோதிப்பது கெடுபிடி என்று நின்றார். குடுமி பற்றியும் இப்படி ஒரு சண்டை. குடுமி விக்கிரக ஆராதனையின் மிச்சம், அதை அறுக்காதவன் அரைக் கிறிஸ்தவன் என்று சிலர் சொல்ல, இடையன்குடி கால்டுவெல் 1867-ல் அதை மறுத்தே ஒரு சிறு நூல் எழுதினார். அது தலைமுடி சீவும் வழக்கம், சமயம் அல்ல என்பது அவர் கட்சி. மொழி நூல் எழுதிய மேதை குடுமிக்காக வரிந்து கட்டிக்கொண்டு நின்றதை நினைத்தால் இன்று சிரிப்பு வரலாம். ஆனால் கேள்வி விளையாட்டல்ல. கடவுளுக்குக் கொடுத்த வாழ்க்கையில் தலைமுடி அடக்கமா இல்லையா?

பாலக்காட்டில் இதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று இருந்தது: கள். மலபாரில் பாசல் சபைகளுக்கு வந்தவர்களில் தீயர், ஈழவர் கணிசம். மரம் ஏறிக் கள் இறக்குவது அவர்களில் பலருக்குக் குலத்தொழில். குடி பாவம் என்ற மிஷன், கள் இறக்குபவனைச் சபையில் வைத்திருக்க ஒப்பவில்லை. ஞானஸ்நானம் பெற்ற மறுநாள் அவன் மரம் ஏறக்கூடாது. குத்தகை நிலம் இருந்தால் நிலவுடைமைக்காரர் பிடுங்கிக்கொள்வார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அழைப்பு இல்லை. முதல் கட்டளையைக் கைக்கொண்டவனின் அடுப்பு எரிய வேண்டாமா? ஆகவே மிஷன் தறி போட்டது, ஓடு சுட்டது. 1865-ல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில் பிறகு கோழிக்கோடு, ஒலவக்கோடு என்று பரவியது. ஒலவக்கோடு என்றால் கல்பாத்திக்குக் கூப்பிடு தூரம்தான். பாசல் மிஷன் பெயர் அச்சடித்த ஓடுகள் மேற்குக் கரை முழுக்கக் கூரையேறின. ஓட்டுக்குத் தீட்டுப் பார்த்ததாகக் கேள்வியில்லை. களிமண்ணைப் பிசைந்த கை எந்த ஜாதிக் கை என்று கேட்டுக்கொண்டிருந்தால் மழைக்கு ஒழுகுமே.

என் எண்ணத்தில், பாசல்காரர்களின் இந்தக் கண்டிப்பை வெறும் வெள்ளைக்கார அதிகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. முழுசாகக் கொடு என்று கேட்டவர்கள், கொடுத்தவனுக்குப் பிழைப்பையும் ஏற்பாடு செய்தார்கள். அதே சமயம், சம்பளமும் சபையும் ஒரே கையில் இருந்தால் பக்தியில் பயம் கலந்துவிடும். சபைவிலக்கு என்றால் வேலைக்கும் ஆபத்து என்ற நிலையில், ஒருவன் தேர்த் திருவிழாவுக்குப் போகாமல் இருந்தது கர்த்தருக்காகவா, சூளை மேஸ்திரிக்காகவா? இதை மிஷனும் அறிந்தே இருந்தது. அரிசிக் கிறிஸ்தவன் என்ற ஏச்சு எல்லா ஊரிலும் காதில் விழுந்ததுதானே.

பிராமணப் பிள்ளைகளின் கதை வேறு. மங்களூரில் 1844-ல் ஆனந்தராவ் கௌண்டின்யா என்ற சாரஸ்வத பிராமண இளைஞர் ஞானஸ்நானம் பெற்று ஹெர்மன் என்ற பெயரும் ஏற்றார். மனைவி வர மறுத்துவிட்டாள். அவர் பாசலுக்குப் போய்ப் படித்து, மிஷனரியாகவே திரும்பி, பின்னால் குடகில் பண்ணை அடிமைகளாக வதைபட்ட ஹொலெயர் நடுவே உழைத்தார். இந்த மாதிரிச் செய்தி ஒவ்வொன்றும் கடற்கரை முழுக்க அக்ரஹாரங்களில் கிலியைக் கிளப்பியது. மதம் மாறினவனுக்கும் சொத்துரிமை உண்டு என்று 1850-ல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் பங்கைக் கொடுக்கும். அம்மாவின் சமையலறையைக் கொடுக்காது. உயிரோடிருக்கும் மகனுக்கு வீட்டார் தலைமுழுகிவிடுவார்கள். அப்படிப் போகத் துணிந்தவர்கள் வெகு சிலர். அவர்கள் பக்தியை யாரும் அரிசியால் விளக்க முடியாது.

இனி இரண்டாம் தரப்பாரான கல்பாத்திக் கிராமத்தார் வைத்த சோதனை. இடம்: தெரு.

1924 தென்னிந்தியத் தெருக்களின் ஆண்டு. மார்ச் 30-ல் வைக்கத்தில் சத்தியாகிரகம் தொடங்கியது. மகாதேவர் கோயிலைச் சுற்றிய தெருவில் ஈழவரும் புலையரும் நடக்க வேண்டும் என்பதற்காக. அதே தெருவில் கிறிஸ்தவரும் முஸ்லிமும் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். அங்கே தலைமையேற்றவர்களில் ஒருவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப், சிரியன் கிறிஸ்தவர். மதுரைப் பக்கம் குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துக் கள்ளர்களுக்காக வாதாடியதால் 'ரோசாப்பூ துரை' என்று கொண்டாடப்பட்டவர். ஏப்ரலில் காந்தி அவருக்குக் கடிதம் எழுதினார்: இது இந்துக்கள் தங்கள் பாவத்தைத் தாங்களே கழுவ வேண்டிய காரியம், நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று. ஜோசப்புக்கு அது பிடித்திருக்காது. தெருவைச் சமயப் பிரச்சினையாகப் பார்ப்பதா, மனித உரிமையாகப் பார்ப்பதா என்பதில் அன்று தொடங்கிய பிளவு இன்றும் ஆறவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 22-ல், சென்னைச் சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் பிரதிநிதியான ஆர். வீரையன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எதிலும் எந்த வகுப்பாரையும் தடுக்கக்கூடாது. தீர்மானம் நிறைவேறியது, செப்டம்பரில் அரசாணையும் வந்தது. மலபார் அப்போது சென்னை மாகாணத்தில்தான் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அரசாணையை நம்பி, நவம்பர்த் தேருக்குக் கல்பாத்தித் தெருவுக்குள் ஈழவர்கள் நடந்தார்கள். அடித்து விரட்டப்பட்டார்கள். அமைதி காக்க வேண்டும் என்று அதிகாரிகள் தடையுத்தரவு போட்டது அடித்தவர்கள் மேலல்ல, நடந்தவர்கள் மேல். கிராமத்தார் வாதம், இது பொதுத் தெருவே அல்ல, கோயிலும் எங்கள் வீடுகளும் சேர்ந்த இடம் என்பது. செய்தி சென்னைச் சட்டமன்றம் வரை போயிற்று; 'குடி அரசு' போன்ற பத்திரிகைகளில் வைக்கத்தோடு கல்பாத்தி என்ற பெயரும் சேர்ந்தே அடிபட்டது.

இப்போதுதான் நம் தொடரின் கேள்வி திரும்ப வருகிறது. இதே ஆள் நாளைக்கு ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு வந்தால் அவனைத் தடுக்க முடியுமா? கிறிஸ்தவராகிவிடுவோம் என்ற பேச்சு பாலக்காட்டில் பலமாக எழுந்தது. சிலர் ஆகவும் செய்தார்கள். மாப்பிள்ளைக் கலகத்துக்குப் பிறகு மலபாரில் ஊன்றிய ஆரிய சமாஜம், இவர்கள் வேறு சமயத்துக்குப் போய்விடக்கூடாது என்று ஓடிவந்து ஈழவர்களைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டது. அப்படிச் சேர்ந்தவன் ஈழவனா ஆரியனா, அவனை நடக்க விடுவதா என்று அடுத்த தகராறு. கோழிக்கோட்டில் 'மிதவாதி' பத்திரிகை நடத்திய சி. கிருஷ்ணன் புத்த சமயத்தைக் கையில் எடுத்தார். 1917-ல் தளிக் கோயில் தெருவில் மஞ்சேரி ராமய்யரோடு சேர்ந்து போய்த் தடையை உடைத்தவர் அவர்தான். அந்த ராமய்யரும் தமிழ்ப் பிராமணரே என்பதைக் கல்பாத்திக்காரர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள்.

பிளினியின் சோதனையோடு இதை ஒப்பிட்டால் விநோதம் புரியும். ரோமில் ஒரே கடவுளை மட்டும் வணங்குகிறேன் என்றவனுக்குத் தண்டனை. கல்பாத்தியில் அப்படிச் சொன்னவனுக்குத் தெரு திறக்கிறது. கிராமத்தார் கும்பிடும் அதே சிவனைத் தானும் கும்பிடுவேன் என்று நிற்கிறவனுக்கு அடி. விசுவநாதரை விட்டால் விசுவநாதர் தெருவில் நடக்கலாம்! ஊரில் யாருக்கும் இது விபரீதமாகத் தோன்றவில்லை. தோன்றியவர்கள் வெளியே நின்றார்கள்.

சபைக்காரர்களுக்கு இது தர்மசங்கடம். முதல் உலகப் போரில் ஜெர்மன் மிஷனரிகளை அரசு வெளியேற்றிவிட்டது. மிஷனின் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பிரிட்டிஷ் கம்பெனியிடம் போய்விட்டன. மலபார் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபையோடு சேர்ந்திருந்தன. பழைய கண்டிப்புக் காலத்தின் மூப்பர்கள் பலர் இன்னும் உயிரோடு. மரம் ஏறுவதை விட்டு, சூளையில் கை வெந்து, சொந்தக்காரரை இழந்து இந்த விசுவாசத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். ஒரு தெருவில் நடப்பதற்காக வருகிறேன் என்பவனை எப்படி வரவேற்பார்கள்? வராதே என்றும் சொல்ல முடியாது. கர்த்தரிடம் வந்தவர்களில் யார்தான் ஒரே காரணத்துக்காக வந்தார்கள்? சுவிசேஷங்களில் இயேசுவின் பின்னால் போன கூட்டத்தில் அப்பத்துக்காகப் போனவர்கள் இருந்தார்கள் என்று யோவான் எழுதுகிறார். அவர்களை அவர் கடிந்துகொண்டார். ஆனால் அப்பம் கொடுத்த பிறகுதான் கடிந்துகொண்டார்.

தெருவுக்காக மதம் மாறினான் என்று ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு மனிதனை அவன் ஊர் 'உன் கடவுள் உன்னை இந்த வழியாக வரவேண்டாம் என்கிறார்' என்று சொல்லித் தள்ளினால், அந்தக் கடவுளை விட்டுப் போவதில் கணக்கும் இருக்கும், காயமும் இருக்கும். வழிபாட்டுக்கே உரிமை மறுக்கப்பட்டவன் எதைத் துறந்தான்? முழுப் பக்தி என்பதைக் கேட்கும் தகுதி, பாதிப் பக்திக்காவது அவனுக்கு இடம் கொடுத்தவர்களுக்குத்தான் உண்டு. ஆனால் எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: சபைக்குள் வந்த ஈழவர் எல்லாரையும் தெருக்காரர் என்று ஒரே மூட்டையில் கட்டுவது, 1858-லிருந்து கள்ளும் குத்தகையும் இழந்து வந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். அவர்கள் வந்தபோது எந்தத் தெருவையும் யாரும் காட்டி அழைக்கவில்லை.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 1926-ல் உள்ளாட்சிச் சட்டம் திருத்தப்பட்டு, பொதுத் தெருவில் ஆளைத் தடுப்பது குற்றமாயிற்று. 1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூர் மகாராஜா கோயில் கதவைத் திறந்தார். 1938-ல் மலபாருக்கென்று ஆலயப் பிரவேசச் சட்டம். 1947-ல் சென்னை மாகாணம் முழுவதற்கும் சட்டம் வந்து, விசுவநாதசுவாமி கோயில் படியிறங்க இந்துக்களில் யாருக்கும் தடையில்லை என்றாயிற்று. அதே 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, பாசல் மிஷனின் மலபார் சபைகளும் அதில் அடங்கின. தெருவுக்காகக் கிறிஸ்தவனாக வேண்டிய அவசியம் இந்தச் சட்டங்களோடு தீர்ந்தது. திரும்பிப் போக விரும்பியவனுக்கு ஆரிய சமாஜம் சுத்திச் சடங்கோடு காத்திருந்தது. பாலக்காட்டில் தென்னிந்தியத் திருச்சபைக்குச் சபைகள் இன்றும் இருக்கின்றன.